துடைத்தாலும் ஒட்டும் தூசி

ஒரு பிளாஸ்டிக் சீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. ஈரமும் இருக்கக் கூடாது. தலைக்குக் குளித்து, முடி நன்றாகக் காய்ந்த பிறகு பத்துத் தடவை வாருங்கள். ஒரு செய்தித்தாளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்துத் தரையில் போடுங்கள். சீப்பை அவற்றின் அருகே கொண்டு போங்கள். தொட வேண்டாம். ஒரு விரல் உயரத்தில் பிடித்தால் போதும்.

காகிதத் துண்டுகள் தாமே எழும்பும். சீப்பில் போய் ஒட்டும். சில துண்டுகள் ஒட்டிய வேகத்தில் துள்ளிக் கீழே விழும்.

சீப்பில் பசை இல்லை. அது காந்தமும் இல்லை. காந்தம் இரும்பைத்தான் இழுக்கும், காகிதத்தை இழுக்காது. அப்படியானால் காகிதத்தை இழுத்தது எது?

அதுவும் மின்சாரம்தான். நம் வீட்டு விளக்கை எரிய வைப்பது கம்பி வழியாக ஓடும் மின்சாரம். சீப்பில் இருப்பது ஓடாமல் ஓரிடத்தில் தங்கியிருக்கும் மின்சாரம். அதனால் இதற்கு 'நிலை மின்சாரம்' என்று பெயர். வீட்டில் தூசி ஒட்டுவதற்கும், குளிர்காலத்தில் கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பதற்கும், ஜெராக்ஸ் கடையில் நகல் எடுப்பதற்கும் இதுவே காரணம். சில சமயம் பெட்ரோல் பங்க்கில் தீப்பிடிப்பதற்கும் இது காரணமாகிவிடும்.

உரசினால் என்ன நடக்கிறது?

உலகில் உள்ள எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. மரம், கல், துணி, நம் உடல் எல்லாமே அப்படித்தான். அணு மிக மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு அணுவின் நடுவிலும் ஒரு கரு இருக்கிறது. அந்தக் கருவில் நேர் மின்னூட்டம் இருக்கிறது. கருவைச் சுற்றி எலக்ட்ரான் என்னும் துகள்கள் இருக்கின்றன. அவற்றில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. சாதாரண நேரத்தில் இரண்டும் சம அளவில் இருக்கும். வரவும் செலவும் சரியாக இருந்தால் கையில் மிச்சமும் இல்லை, கடனும் இல்லை அல்லவா? அது போல.

முடியில் சீப்பு உரசும்போது இந்தக் கணக்கு மாறுகிறது. முடியில் உள்ள எலக்ட்ரான்களில் கொஞ்சம் சீப்புக்குப் போய்விடுகின்றன. சீப்பில் எலக்ட்ரான் கூடுகிறது. முடியில் குறைகிறது. அதனால் சீப்புக்கு எதிர் மின்னூட்டமும், முடிக்கு நேர் மின்னூட்டமும் வந்துவிடுகின்றன.

ஒரே வகை மின்னூட்டம் உள்ள இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தள்ளும். வெவ்வேறு வகை மின்னூட்டம் உள்ள பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும். வாரிய பிறகு முடி பறபறவென்று தனித்தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு முடியிலும் நேர் மின்னூட்டம். அதனால் ஒன்றையொன்று தள்ளுகின்றன. சீப்பை அருகே கொண்டு போனால் அதே முடி சீப்பை நோக்கிச் சாயும்.

சரி, காகிதத்தை யாரும் உரசவில்லையே. அது ஏன் வருகிறது? சீப்பு அருகே வந்ததும் காகிதத்தில் உள்ள எலக்ட்ரான்கள் கொஞ்சம் விலகிக்கொள்கின்றன. சீப்பைப் பார்த்த பக்கத்தில் நேர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. மறுபக்கத்தில் எதிர் மின்னூட்டம் சேர்கிறது. பக்கத்தில் இருப்பதை இழுக்கும் பலம் அதிகம். தூரத்தில் இருப்பதைத் தள்ளும் பலம் குறைவு. எனவே மொத்தத்தில் காகிதம் இழுக்கப்படுகிறது. ஒட்டிய பிறகு சீப்பின் எலக்ட்ரான்கள் சில அந்தத் துண்டுக்கு ஏறிவிடலாம். அப்போது இரண்டிலும் ஒரே வகை மின்னூட்டம். உடனே சீப்பு அதைத் தள்ளிவிடும். துண்டு துள்ளி விழுவது இதனால்தான்.

இதே சோதனையை இரும்புக் கரண்டியைக் கையில் பிடித்துச் செய்தால் ஒன்றும் நடக்காது. இரும்பு மின்சாரத்தைக் கடத்தும். உரசியதால் வந்த மின்னூட்டம் கரண்டி வழியாகக் கைக்கும், கை வழியாக உடலுக்கும், உடல் வழியாகத் தரைக்கும் போய்விடும். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. அதில் வந்த மின்னூட்டம் வந்த இடத்திலேயே கிடக்கும்.

வைக்கோலைத் திருடும் கல்

மனிதர் இதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பிளாஸ்டிக் வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இது தெரிந்திருந்தது. சில மரங்களின் பிசின் மண்ணில் புதைந்து, பல இலட்சம் ஆண்டுகளில் கல் போல இறுகிவிடும். மஞ்சள் நிறத்தில் பளபளக்கும். அதை மணியாக்கிக் கோத்து அணிந்தார்கள். அந்த மணியைத் துணியில் தேய்த்தால் வைக்கோல் துரும்பும் தூசியும் அதில் போய் ஒட்டின.

பாரசீகர்கள் அதற்கு 'கஹ்ருபா' என்று பெயர் வைத்தார்கள். வைக்கோலைத் திருடுவது என்று பொருள். கிரேக்கர்கள் அதே கல்லை 'எலக்ட்ரான்' என்று அழைத்தார்கள். 1600-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் கில்பர்ட் ஒரு நூல் வெளியிட்டார். கண்ணாடி, கந்தகம் முதலிய வேறு பல பொருள்களும் உரசினால் இப்படி இழுக்கும் என்று அதில் எழுதினார். கரண்டுக்கு ஆங்கிலத்தில் 'எலக்ட்ரிசிட்டி' என்கிறோமே, அந்தச் சொல் இந்தக் கல்லின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான். அரபு மொழியில் மின்சாரத்துக்கு இன்றும் 'கஹ்ரபா' என்றே பெயர்.

வீட்டுத் தூசி

ஒரு வீட்டில் பிளாஸ்டிக் பூச்சாடி இருக்கிறது. வீட்டுக்கார அம்மா தினமும் உலர்ந்த துணியால் அதைத் துடைக்கிறார். துடைத்த கொஞ்ச நேரத்திலேயே தூசி மறுபடி படிகிறது. மண் பானையில் இவ்வளவு தூசி ஒட்டுவதில்லை. ஏன்?

அவர் துடைப்பதும் ஓர் உரசல்தானே! உலர்ந்த துணியால் பிளாஸ்டிக்கைத் தேய்க்கத் தேய்க்க அதில் மின்னூட்டம் ஏறுகிறது. காற்றில் மிதக்கும் தூசியை அது இழுத்துக்கொள்கிறது. தூசி என்பது வெறும் மண் மட்டுமல்ல. துணியிலிருந்து உதிர்ந்த நூல் இழை, அடுப்புப் புகையின் கரி, நம் தோலிலிருந்து உதிரும் செதில் எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாமே மிக இலேசானவை. சிறிய இழுப்புக்கே வந்துவிடும்.

துணியை நீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, அந்த ஈரத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். ஈரம் மின்னூட்டத்தைக் கடத்திவிடும். தூசியும் துணியோடு போய்விடும். மின்சாதனமாக இருந்தால் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

பழைய பெட்டி டி.வி. நினைவிருக்கிறதா? அதன் கண்ணாடியில் தூசி அப்பிக் கிடக்கும். கையைக் கிட்டே கொண்டு போனால் கை மயிர் சிலிர்த்து நிற்கும். அந்தக் கண்ணாடிக் குழாயின் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் இருந்தது. கலர் டி.வி.யில் அது 20,000 வோல்ட்டையும் தாண்டும். இப்போது சுவரில் மாட்டும் தட்டை டி.வி.யில் அந்தக் குழாய் இல்லை. அதனால் தூசியும் அந்த அளவுக்கு அப்புவதில்லை.

மின்விசிறி இறக்கையில் கறுப்பாகத் தூசி படிவதும் இப்படித்தானா? பாதி உண்மை. காற்றை வெட்டிக்கொண்டு இறக்கை சுற்றும்போது உரசல் உண்டாகிறது. கொஞ்சம் மின்னூட்டமும் வருகிறது. ஆனால் அது மட்டும் காரணமல்ல. இறக்கையின் முன் விளிம்பு காற்றில் உள்ள தூசியின் மேல் வேகமாக மோதுகிறது. சமையலறை எண்ணெய்ப் புகை இறக்கையில் படிந்து பிசுபிசுப்பாக இருக்கிறது. மோதிய தூசி அதில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் முன் விளிம்பில் தூசி தடிப்பாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மின்சாரத்தின் மேலேயே பழி போட முடியாது.

மும்பையில் இல்லை, லேயில் உண்டு

மும்பையில் மழைக்காலத்தில் சீப்பு வித்தையைச் செய்து பார்த்தால் பெரும்பாலும் தோற்றுப் போகும். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துவிடும். மின்னூட்டம் அதன் வழியாக மெல்ல நழுவிவிடும்.

லடாக்கில் உள்ள லே நகரில் குளிர்காலம் மிகவும் வறண்டது. ராஜஸ்தானின் பாலைவன ஊர்களிலும் காற்று வறண்டிருக்கும். அங்கெல்லாம் மின்னூட்டம் நழுவ வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். தில்லி, லக்னோ போன்ற வடநாட்டு ஊர்களில் குளிர்காலத்தில் ஸ்வெட்டர் போட்டுப் பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரவில் ஸ்வெட்டரைத் தலை வழியாகக் கழற்றினால் படபடவென்று சத்தம் கேட்கும். விளக்கை அணைத்துவிட்டுக் கழற்றினால் சிறு சிறு நீலப் பொறிகள்கூடத் தெரியும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை. கம்பளியும் உள்ளே போட்டிருக்கும் நைலான் சட்டையும் உரசியதால் வந்த பொறி அது.

அதே ஊரில் ஒருவர் கம்பளத்தின் மேல் நடந்து வந்து இரும்புக் கதவுப் பிடியைத் தொடுகிறார். விரலில் சுருக்கென்று அடிக்கிறது. கையை உதறிக்கொள்கிறார். நடக்கும்போது உரசி அவர் உடலில் சேர்ந்த மின்னூட்டம் விரல் நுனியிலிருந்து பிடிக்குத் தாவியது. காற்றில் ஒரு மில்லிமீட்டர் தூரம் பொறி தாவுவதற்கே 3000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். வீட்டுக்கு வரும் மின்சாரமோ 230 வோல்ட். அப்படியானால் அவர் ஏன் சாகவில்லை?

மாடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தலையில் விழுந்தால் சுள்ளென்று இருக்கும். அவ்வளவுதான். ஆற்று வெள்ளத்தில் மாட்டினால் ஆளையே அடித்துக்கொண்டு போய்விடும். வோல்ட் என்பது உயரம் போன்றது. உரசி வந்த மின்னூட்டம் அந்த ஒரு சொட்டு. கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். வீட்டுக் கம்பியில் வருவது வெள்ளம். நின்றால்தான் நிற்கும். கதவுப் பிடி அடித்து ஒன்றும் ஆகவில்லையே என்று வீட்டு ஒயரைத் தொட்டுவிடக் கூடாது.

பெட்ரோல் அருகே

மனிதனைக் கொல்லாத அந்தச் சிறு பொறி பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்கப் போதும். இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் அதன் ஆவி எழுந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனமானது. அதனால் மேலே போகாமல் தரையை ஒட்டிப் பரவும். கண்ணுக்குத் தெரியாது. மணம் மட்டும் வரும். பெட்ரோல் குழாய் வழியாக வேகமாகப் பாயும்போது அதுவும் ஓர் உரசல்தான். பெட்ரோலிலும் மின்னூட்டம் ஏறும். அந்தப் பெட்ரோலைப் பிளாஸ்டிக் கேனில் பிடித்தால் மின்னூட்டம் வெளியேற வழி இல்லை. கேனிலேயே சேரும். பிறகு ஒரு பொறி தாவினால் போதும்.

வயலில் நீர் இறைக்கும் எஞ்சினுக்கு என்று பலர் கேனோடு பங்க்குக்குப் போகிறார்கள். தண்ணீர் பாட்டிலிலும், எண்ணெய் வந்த பழைய பிளாஸ்டிக் கேனிலும் பெட்ரோல் வாங்கக் கூடாது. பங்க்கில் கொடுக்க மறுத்தால் சண்டை போட வேண்டாம். அவர்கள் மறுப்பதுதான் சரி. அதற்கென்று அனுமதி பெற்ற கலம் இருக்கிறது. அதில் பிடிக்கும்போதும் கலத்தை வண்டியின் மேலோ கையிலோ வைத்துக்கொண்டு பிடிக்கக் கூடாது. தரையில் வைக்க வேண்டும். குழாயின் வாய் கலத்தின் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது மின்னூட்டம் சேராமல் தரைக்குப் போய்விடும். வண்டிக்குப் பெட்ரோல் போடும்போது எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நிற்க வேண்டும்.

பெட்ரோல் கொண்டுவரும் டேங்கர் லாரியைக் கவனித்திருக்கிறீர்களா? பங்க்கில் பெட்ரோல் இறக்குவதற்கு முன் ஒரு கம்பியை லாரியில் மாட்டுவார்கள். கம்பியின் மறுமுனை மண்ணுக்குள் புதைந்திருக்கும். அதற்கு 'எர்த்' என்று பெயர். கம்பி மாட்டிய பிறகே குழாயைத் திறப்பார்கள். பழைய எண்ணெய் லாரிகளின் அடியில் ஓர் இரும்புச் சங்கிலி தொங்கும். சாலையில் கலகலவென்று உரசிக்கொண்டு வரும். அதுவும் இதற்குத்தான். பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் நைலான், பாலியஸ்டர் உடையோடு போகக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். அங்கே பருத்தி உடை வேண்டும். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும்.

கருப்புத் தூள் எழுதும் எழுத்து

ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, பள்ளிச் சான்றிதழ் எதுவானாலும் "ஒரு ஜெராக்ஸ் கொண்டு வா" என்கிறார்கள். கடைக்காரர் தாளை வைக்கிறார். ஒரு வெளிச்சம் ஓடுகிறது. நகல் சூடாக வந்து விழுகிறது. உள்ளே நடப்பது தூசி ஒட்டும் வேலைதான்!

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த செஸ்டர் கார்ல்சன். காப்புரிமை அலுவலகப் பத்திரங்களோடு அவருக்கு வேலை. பத்திரங்களுக்கு நகல் எடுப்பது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. கையால் எழுத வேண்டும், அல்லது போட்டோ எடுக்க வேண்டும். அவருக்குக் கீல்வாதம் வேறு. எளிய வழி ஒன்று வேண்டும் என்று தேடினார்.

1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள். நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் ஒரு சிறிய அறை. உடன் ஓர் உதவியாளர். ஒரு துத்தநாகத் தகட்டின் மேல் கந்தகம் பூசியிருந்தார்கள். அதைக் கைக்குட்டையால் நன்றாகத் தேய்த்தார்கள். கந்தகத்தில் மின்னூட்டம் ஏறியது. ஒரு கண்ணாடித் துண்டில் அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் மையால் எழுதி, தகட்டின் மேல் வைத்துப் பலத்த விளக்கொளியைக் காட்டினார்கள். கந்தகத்தின் மேல் வெளிச்சம் பட்டால் அந்த இடத்தில் மின்னூட்டம் இறங்கிவிடும். மை மறைத்த இடத்தில் வெளிச்சம் படவில்லை. அங்கே மட்டும் மின்னூட்டம் மிஞ்சியது. பிறகு ஒரு செடியின் நுண்ணிய வித்துத் தூளைத் தூவி, வாயால் ஊதினார்கள். மற்ற இடத்துத் தூள் பறந்து போயிற்று. எழுத்து இருந்த இடத்தில் மட்டும் தூள் ஒட்டி நின்றது. மெழுகுத் தாளை அதன் மேல் அழுத்தி எடுத்தார்கள். அதில் எழுத்து வந்துவிட்டது.

உலகம் உடனே கைதட்டவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இதை வேண்டாம் என்றன. அலுவலகங்களில் நன்றாக ஓடும் இயந்திரம் 1959-இல்தான் வந்தது. ஈரமான மை இல்லாமல் உலர்ந்த தூளால் எழுதுவதால், உலர்ந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஜெராக்ஸ் என்ற பெயரை வைத்தார்கள். அது ஒரு கம்பெனியின் பெயர். நம் நாட்டில் எந்தக் கம்பெனி இயந்திரமானாலும் ஜெராக்ஸ் என்றே சொல்கிறோம்.

இன்றைய இயந்திரத்தில் கந்தகத் தகட்டுக்குப் பதில் ஓர் உருளை சுற்றுகிறது. வித்துத் தூளுக்குப் பதில் கரி கலந்த பிளாஸ்டிக் தூள். அதுதான் டோனர். உருளையில் ஒட்டிய தூளை, பின்பக்கம் மின்னூட்டம் ஏற்றிய தாள் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பிறகு சூடான உருளை தூளை உருக்கித் தாளில் பதித்துவிடுகிறது. நகல் சூடாக வருவதும், புதிதாக வந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் எதனால் என்று இப்போது தெரிந்திருக்கும். மழைக்காலத்தில் தாள் நமத்துப் போனால் நகல் மங்கலாக வரும். மின்னூட்டம் ஈரத்தில் நழுவிவிடுகிறது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

புகைபோக்கியில் பிடிக்கும் சாம்பல்

மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் சேரும் இடத்தில் சிங்ரௌலி என்ற பகுதி இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி. அதனால் அங்கே பல அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி மாவு போல நைசாகப் புகையோடு பறக்கும். அப்படியே விட்டால் சுற்று வட்டார வீடுகள், வயல்கள், மக்களின் நுரையீரல் எல்லாவற்றிலும் படியும்.

அதைப் பிடிப்பதும் நிலை மின்சாரம்தான். புகை வெளியேறும் வழியில் பெரிய பெரிய இரும்புத் தகடுகளைத் தொங்க விட்டிருப்பார்கள். இடையே கம்பிகள். கம்பிகளில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம். கடந்து போகும் சாம்பல் துகளில் மின்னூட்டம் ஏறும். உடனே அது தகட்டில் போய் ஒட்டும். சுத்தியல் போன்ற கருவி தகட்டை அவ்வப்போது தட்டும். சாம்பல் உதிர்ந்து கீழே உள்ள தொட்டியில் விழும். இந்த முறைக்கு அமெரிக்காவின் பிரடெரிக் காட்ரெல் 1908-இல் காப்புரிமை பெற்றார். நன்றாகப் பராமரித்தால் 100 பங்கு சாம்பலில் 99 பங்குக்கு மேல் பிடித்துவிடும். பராமரிக்காவிட்டால் அந்தச் சாம்பலெல்லாம் ஊருக்குள்தான் வரும். பிடித்த சாம்பலைச் சிமென்ட்டில் கலக்கிறார்கள். செங்கல்லும் செய்கிறார்கள். கட்டட வேலைக்கு வரும் சாம்பல் நிறச் செங்கல் அதுதான்.

முகமூடியின் ரகசியம்

2020-இல் கொரோனா வந்தபோது 'என் 95' முகமூடியை எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். அதன் நடு அடுக்கு மெல்லிய பிளாஸ்டிக் இழைகளால் ஆனது. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி கிருமியைவிடப் பெரியது. பின் எப்படித் தடுக்கிறது? அந்த இழைகளில் தொழிற்சாலையிலேயே மின்னூட்டம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த மின்னூட்டம் நீண்ட காலம் நிற்கும். மூச்சோடு வரும் நுண்ணிய துகள்களை அது பக்கவாட்டில் இழுத்து ஒட்ட வைத்துக்கொள்கிறது. இடைவெளி பெரிதாக இருப்பதால் மூச்சு விடவும் சிரமம் குறைவு.

கல் உடைக்கும் இடத்திலும், சிமென்ட் மூட்டை தூக்கும் இடத்திலும் வேலை செய்பவர்களுக்கு இன்றும் இந்த முகமூடி தேவை. கல் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. கல்லை உடைக்கும்போதும் துளை போடும்போதும் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது முதல் வேலை. முகமூடி அதற்கு அடுத்தது.

இந்த முகமூடியைச் சோப்புப் போட்டுத் துவைக்கக் கூடாது. சானிடைசர் ஊற்றித் துடைக்கவும் கூடாது. இரண்டாலும் மின்னூட்டம் குறைந்துவிடும். காய வைத்த பிறகு பார்வைக்குப் புதிது போலத் தெரியும். ஆனால் நுண்ணிய தூசி அதன் வழியாக உள்ளே போகும். அழுக்காகிவிட்டால், நனைந்துவிட்டால், அல்லது மூச்சு விடச் சிரமமாக இருந்தால் புதியதை மாற்ற வேண்டும். வேலை கொடுப்பவரிடம் அதைக் கேட்டு வாங்கலாம்.